ஆறுவதற்குள்

லியூப்லியானா, பேருந்து நிலையத்துக்கு எதிரே,
இரவு ஒன்றரை மணி.
செனாடாவின் கடையில் புரெக் மட்டும்தான்:
கீரை, பாலாடைக்கட்டி, இறைச்சி.
காகிதத்தில் விழுந்த துண்டு
ஆறு நிமிடத்தில் ஆறிவிடும்.
பிளாக் ஒன்று பிறக்கப் பத்து நிமிடம்.
நடுவில் கிடக்கும்
நான்கு நிமிடப் பள்ளத்தில்தான்
அவள் பிழைப்பு.

தெரிந்தவனுக்கு இது கஷ்டமான வித்தை இல்லை.
இவளுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு
அதே காசைத் தனக்கே திருப்பும் இன்னொன்றை
வலையின் மறுகோடியில் ஓடவிடுவான்.
எது பிளாக்கில் ஏறுகிறதோ அது மெய்.
மற்றது
நடக்கவே இல்லை.

டாக்ஸி ஓட்டும் யெர்னெய்
ஓய்வு நாளில் அமைத்துக் கொடுத்த டேப்லெட்
மாவுச் சாக்குக்கு மேலே மாட்டியிருக்கிறது.
காசு வந்தது என்று அது சட்டென்று சொல்லாது.
கூலி எவ்வளவு வைத்திருக்கிறான் என்று பார்க்கும்,
கஞ்சத்தனம் என்றால் வண்டியில் யாரும் ஏற்றமாட்டார்கள்.
'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற குறி
முதுகில் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கும்.
அப்புறம்
ஒசாகாவிலும் ரெசிஃபேயிலும் விழித்திருக்கும் கணினிகளிடம்
இதே காசோடு வேறு யாராவது வந்தார்களா என்று
கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.

ஐந்து நொடி.
அந்த ஐந்து நொடியும் செனாடா
வந்தவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.
காகிதத்தை மடிப்பாள், பிரிப்பாள், மடிப்பாள்.
முகம் பார்த்துக் கடன் எழுதிய நோட்டு ஒன்று
வீட்டில் இன்னும் கிடக்கிறது;
அதிலிருக்கும் பாதிப் பெயர்கள்
ஊரை விட்டே போய்விட்டன.

காசுக்கும் நேர்மைக்கும்
நாணயம் என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி
அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் சிரித்திருப்பாள்.

பதினாலு மாதத்தில் போனவை மூன்று.
சுவரில் பென்சிலால் மூன்று கோடு.
அடுப்பில் கருகியவற்றுக்கு அவள் கோடு போடுவதில்லை,
சுவர் போதாது.
மூன்றாவது கோடு ஒரு சிவப்புக் கையுறைக்காரன்.
எச்சரிக்கை ஆறாவது நொடியில் வந்தது,
அவன் கடித்துவிட்டான்.
கடித்த வாயிலிருந்து திரும்ப வாங்க
யெர்னெய்க்கும் வழி தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு கூட்டம் வந்தது.
சனிக்கிழமை கல்யாணம், மாப்பிள்ளை வீடோமிர்,
தலையில் காகிதக் கிரீடம்.
முப்பத்தாறு புரெக் என்றார்கள்.
இருபது யூரோவைத் தாண்டினால் பிளாக் வரட்டும்,
அவள் வைத்த சட்டம்.

"எங்களை நம்பவில்லையா?"

"உங்களை நம்புகிறேன்.
காசைத்தான் இன்னும் பார்க்கவில்லை."

பத்து நிமிடம் என்பது சராசரி.
பேருந்து மாதிரிதான்,
வரும்போதுதான் வரும்.
சுட்டு எடுத்துத் தட்டுகளில் அடுக்கினாள்.
பதினைந்து. இருபத்திரண்டு.
வெளியே பனி கொட்டியது.
ஒருவன் துடைப்பத்தை எடுத்து வாசலைத் தள்ளினான்,
யாரும் சொல்லவில்லை.
இருவர் கால்பந்துக்காகச் சண்டை போட்டுச் சமாதானமானார்கள்.
முப்பதாம் நிமிடத்தில் மாப்பிள்ளை
முக்காலியில் உட்கார்ந்து
கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு
யாரிடம் என்றில்லாமல் சொன்னான்:
"அவள் சரி என்றுதான் சொன்னாள்.
ஆனால் சனிக்கிழமை வரைக்கும்..."

செனாடா காகிதத்தை மடித்தாள்.
கீரை ஒன்றை வெட்டி அவன் கையில் வைத்தாள்.
ஒன்றுதானே,
அவள் வரம்புக்கு உள்ளே.

நாற்பத்தொன்றாம் நிமிடம் டேப்லெட் ஒருமுறை கூவியது.
தட்டில் முப்பத்தைந்தும் ஆறிப்போயிருந்தன.
எல்லாவற்றையும் மறுபடி அடுப்பில் தள்ளினாள்.
சூடாக்கியதற்குக்
காசு வாங்கவில்லை.